எந்த ஞாயிறு என்று தெரியாது

பிப்ரவரி 22, ஞாயிறு

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பத்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேப்பர் வந்ததும் இணைப்பிதழை உருவி, தாணுமாலயன் எழுதும் ‘ஞாயிறு முடிச்சு’ என்ற புதிர்ப் பத்தியைப் படித்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். இனிமேல் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொள்ள வேண்டும். கல்லூரிக் கூட்டுறவுச் சங்கம் வருடா வருடம் கொடுக்கும் டைரி இதற்காவது பயன்படட்டும்.

தாணு என்னோடு மதுரையில் கணிதம் படித்தவன். ஐந்து வருடம் ஒரே அறை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, சொந்த ஊரான நாகர்கோவிலில் வங்கி வேலைக்குப் போனான். நான் முடித்தேன். டாக்டர் பட்டத்தோடு பாளையங்கோட்டைக்கு வந்து இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன், இங்கேயேதான் இருக்கிறேன். பாதியில் விட்டவன் பெயர் வாரா வாரம் அச்சில் வருகிறது. முடித்தவன் பெயர் வருகைப் பதிவேட்டில் வருகிறது.

பத்தியின் முதல் வாரத்தையே அவன் திருட்டோடுதான் தொடங்கினான். ஒரு கல்யாண வீட்டில் முடிவே இல்லாத பந்தி. இலைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. கடைசி இலை என்று ஒன்று கிடையாது. எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று. அப்போது ஒருவர் பிந்தி வருகிறார். இடம் உண்டா? உண்டு. முதல் இலைக்காரர் இரண்டாவதற்கும், இரண்டாவது இலைக்காரர் மூன்றாவதற்குமாக எல்லோரும் ஒரு இலை தள்ளி உட்கார்ந்தால் முதல் இலை காலி. கடைசி ஆள் என்று ஒருவர் இல்லாததால், தள்ளி உட்கார இடமில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

கணக்கு யாருடையதும் இல்லை. உலகம் முழுக்க அதை விடுதி அறைகளை வைத்துச் சொல்வார்கள். ஆனால் “நம்ம ஊருக்கு லாட்ஜ் சரிவராது, பந்தின்னு சொல்லணும்” என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் சொன்னவன் நான். அவன் அப்போது துவைத்த லுங்கியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

வாசகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முடிவிலியில் சந்தேகமே வரவில்லை. எச்சில் இலையில் அடுத்தவர் எப்படி உட்காருவார் என்றுதான் கேட்டு எழுதினார்கள். மறுவாரம் பதில் போட்டான்: ‘பரிமாறத் தொடங்குமுன் நகர்ந்துவிட்டால் போதும். யாரையும் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியதில்லை. பிந்தி வந்தவருக்குத்தான் முதல் இலை.’ இந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இன்றைய பத்தியில் புதிர் இல்லை, அறிவிப்புதான். அல்லது அறிவிப்பே புதிர். ‘மார்ச் மாதத்து ஐந்து ஞாயிறுகளில் ஏதோ ஒன்றில் இந்தப் பத்தி வராது. அன்றோடு நின்றுவிடும். எந்த ஞாயிறு என்பதை அதற்கு முந்தின நாள் வரைக்கும் உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இந்த அறிவிப்பில் பிழை உண்டா? விடையைப் பத்தி நின்ற பிறகு என் வீட்டுக்கு எழுதுங்கள்.’ கீழே வடசேரி விலாசம்.

ஆக, அவசரம் வந்துவிட்டது. பந்திப் புதிரை அவன் என்னிடமிருந்து எடுத்தான் என்று ஆசிரியருக்கு நான் எழுதுவதானால் பத்தி வந்துகொண்டிருக்கும்போதே எழுத வேண்டும். நின்றுபோன பத்தியைப் பற்றிய புகாரை யார் படிப்பார்கள்?

மதியம் சாம்பார் சாதம். ராத்திரிக்கும் அதேதான்.

பிப்ரவரி 23, திங்கள்

டெல்பின் மேடம் இன்றைக்கு ஸ்டாஃப் ரூம் பலகையை இந்த அறிவிப்புப் புதிருக்கென்றே எடுத்துக்கொண்டார். தூத்துக்குடிக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர், துறைத் தலைவர். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும், நிர்வாகத்தைத் தவிர. வாராவாரம் தாணுவுக்கு விடை அனுப்புகிறவர். ‘சரியான விடை எழுதியோர்’ என்று பொடி எழுத்தில் வரும் பெயர்களில் தன் பெயர் வந்தால் திங்கட்கிழமை கேக் வாங்கி வருவார்.

ஐந்து தேதிகளையும் பலகையில் எழுதிக் கடைசியிலிருந்து அடித்துக்கொண்டே வந்தார். 29 ஆக இருக்க முடியாது: அதற்கு முன் நான்கு வாரமும் பத்தி வந்துவிட்டால், மிச்சம் இருப்பது 29 மட்டும்தான் என்று 28ஆம் தேதியே தெரிந்துவிடும். முன்கூட்டித் தெரியாது என்று சொல்லியிருப்பதால் 29 போயிற்று. 29 போனபின் 22தான் கடைசி. அதையும் இதே காரணத்துக்காக 21ஆம் தேதியே கண்டுபிடித்துவிடலாம், அதுவும் போயிற்று. இப்படியே 15, 8, 1. எல்லாம் அடிபட்டுப் பலகையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

“அப்போ பத்தி நிக்கவே நிக்காது. நிக்கும்னு சொன்ன வாயாலயே நிக்காதுன்னு சொல்லிட்டாரு மனுஷன்,” என்றார். பிறகு சாக்பீஸைத் தட்டிக்கொண்டே, “ஆனா நிக்கும் சார்,” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“எல்லாம் நிக்கத்தானே செய்யுது.”

இது விடை அல்ல. துறைத் தலைவரிடமிருந்து இதைவிட ஒழுங்கான வாதத்தை எதிர்பார்க்க உரிமை உண்டு. கடைசியிலிருந்து அடித்துக்கொண்டு வந்த முறையில் நான் ஒரு பிழையும் காணவில்லை. பத்தி நிற்காது. எனவே என் கடிதத்துக்கும் அவசரம் இல்லை; நிதானமாக, நன்றாக எழுதலாம்.

பிப்ரவரி 26, வியாழன்

மோட்டார் காயில் போய்விட்டது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

பத்தி வந்தது.

இந்த வாரம் முறுக்கு டப்பா. பதினொரு மணிக்கு, ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட முறுக்குகளை ஒரு டப்பாவில் போட்டு, முதலாம் எண்ணை எடுத்துத் தின்ன வேண்டும். பதினொன்றரைக்கு அடுத்த பத்தைப் போட்டு இரண்டாம் எண்ணைத் தின்ன வேண்டும். பன்னிரண்டுக்கு மிச்சமுள்ள நேரத்தில் பாதி கழிந்ததும் இன்னொரு பத்து, மூன்றாம் எண். இப்படியே, முடிவில்லாமல். டப்பா வேகமாக நிறைந்துகொண்டே போகிறது. ஆனால் பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதைத் தின்ற நேரத்தைச் சொல்லிவிடலாம்.

சேர்த்துக்கொண்டே போனதெல்லாம் கடைசியில் காலி. வயிற்றெரிச்சல் பிடித்த கணக்கு. சுத்தமாகவும் எழுதியிருக்கிறான். அதை மறுக்கவில்லை.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சண்முகவடிவு போன வாரம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு கொடுத்தனுப்பினார். படித்துவிட்டு அதைத் திறந்தேன். எல்லாம் நமுத்துப்போயிருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

ஆசிரியருக்கான கடிதத்தின் முதல் வரைவு முடிந்தது. ‘ஐயா, தங்கள் இதழில் புதிர்ப் பத்தி எழுதிவரும் திரு. தாணுமாலயன் அவர்கள்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். படித்துப் பார்த்தால் பொறாமைக்காரன் எழுதியதுபோல இருக்கிறது. ஒரு சொல்லுக்காக இவ்வளவா, லாட்ஜைப் பந்தி ஆக்கியதற்காகவா என்று ஆசிரியர் கேட்பார். அதற்காக மட்டுமல்ல. ஆனால் மற்றதை ஆசிரியருக்கு எழுத முடியாது. இங்கேதான் எழுத முடியும்.

அவன் கல்யாணம் நாகர்கோவிலில். விடிகாலை முதல் பஸ்ஸில் கிளம்பி முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டி முடிந்ததும் அவனே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் போனான். இலையில் தண்ணீர் தெளித்தேன். உப்பும் நேந்திரங்காய் உப்பேரியும் வைத்துவிட்டு, அவியலோடு ஒருவர் எனக்கு இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தார். அப்போது வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் என் தோளைத் தட்டினார்.

“சாரே, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. பொண்ணோட தாய்மாமன் வந்திருக்காரு. நீங்க அடுத்த பந்தியில இருந்துக்கிடலாம்.”

தாய்மாமனுக்காக என்றார். அது மட்டும்தான் காரணம் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த வரிசையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கை என் தோளில்தான் விழுந்தது.

எழுந்தேன். ஒரு வரிசை ஆட்கள் சாப்பிடாமல் நிமிர்ந்து பார்க்க, ஈரக் கையோடு நடுவில் நடந்து வெளியே வந்தேன். தாணு மேடையிலிருந்து இறங்கி வந்து வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். என் கையையும் பார்த்தான். பார்த்துவிட்டு, அடுத்து வந்தவரைக் கும்பிட்டான். நான் நேராக வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பிறகு அவனிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். சில வருடத்தில் அவையும் நின்றன.

அந்த ஆள்தான், பத்தி எழுதக் கிடைத்ததும் முதல் காரியமாக ஊருக்கே பந்திப் புதிர் போட்டான். யாரையும் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியதில்லையாம். என் சொல்லையும் எடுத்துக்கொண்டு, என் அவமானத்தையும் வேடிக்கைக் கணக்காக்கிவிட்டான். வேறு எந்த விதமாகவும் அதைப் படிக்க முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

வந்தது. எதிர்பார்த்ததுதான்.

‘எங்கள் ஊரில் எந்தச் சங்கத்திலும் சேராதவர்களுக்கு என்று ஒரு சங்கம் தொடங்கினோம். எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாத எல்லோரும் இதில் உறுப்பினர். வேறு யாரும் அல்ல. முதல் நாளே தகராறு. ஒருவர் சேர்ந்தவுடன் ஒரு சங்கத்தில் இருக்கிறவர் ஆகிவிடுவதால் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. வெளியேற்றியவுடன் தகுதி வந்துவிடுவதால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது. தலைவர் பதவிக்கு முழுத் தகுதியுள்ள ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். அழைத்தால் வரமாட்டார். வராததுதான் அவர் தகுதி.’

பேப்பரைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன், கடிதத்தோடு ஆதாரமாக இணைக்க வேண்டும் அல்லவா? லட்சம் பேர் படிக்கும் பேப்பரில் என்னைக் கேலி செய்திருக்கிறான். நான் அப்படி எந்தச் சங்கத்திலும் சேராதவன் அல்ல. ஆசிரியர் சங்கத்தில் இருந்தேன், சந்தா உயர்த்தியபோது கேள்வி கேட்டதற்குச் சரியான பதில் வராததால் விலகினேன். குடியிருப்போர் சங்கத்திலும் அப்படித்தான். தங்கை வீட்டு விசேஷங்களுக்குப் போகாததற்கும் தக்க காரணம் இருக்கிறது.

இரண்டாவது வரைவை இன்றே தொடங்கிவிட்டேன். இதில் காரம் கூடுதல்.

மார்ச் 9, திங்கள்

கேக். அவர் பெயர் வந்திருந்ததாம். எனக்கும் ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்துக் கொண்டுவந்தார் டெல்பின் மேடம். வகுப்புக்குப் போகாமல் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“சார், ஒண்ணு கேக்கணும். வருஷா வருஷம் ஜூன்ல அந்தப் பந்திப் புதிரத் திருப்பிப் போடுவாருல்லா. அடியில, ‘இதற்கு இன்னும் ஒருவருடைய விடை வரவில்லை, காத்திருக்கிறேன்’னு ஒரு வரி. வருஷம் தவறாம. யாரு சார் அந்த ஆளு?”

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“நீங்க மதுரையில ஒண்ணாப் படிச்சவங்கன்னு லைப்ரரியன் சொன்னாரே.”

மதுரையில் எவ்வளவோ பேர் படித்தார்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பாவம் சார், அந்த ஆளு செத்துகித்துப் போயிருந்தா இவருக்கு யாரு சொல்லுவா?” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

ஜூன் மாதக் குறிப்பைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. புகாருக்குச் சம்பந்தம் இல்லாதது என்பதால் எழுதவில்லை.

கேக்கில் சர்க்கரை அதிகம். சாப்பிட்டுவிட்டேன்.

மார்ச் 11, புதன்

உள்தேர்வுத் தாள்கள் இரண்டு கட்டு. முடிவிலித் தொடர் பற்றிய கேள்விக்கு ஒரு மாணவன், ‘இது எங்கேயும் போய்ச் சேராது’ என்று மட்டும் எழுதியிருந்தான். தொடர் சேராத தொடர்தான். ஆனால் காரணம் எழுதவில்லை. பாதி மதிப்பெண்.

மார்ச் 14, சனி

மூன்றாம் மாதம் பதினான்காம் தேதி என்பதால் வட்டத்தின் விகிதத்துக்குத் துறையில் விழா. மாணவிகள் உளுந்து வடை கொண்டுவந்து, நூலால் சுற்றளவையும் குறுக்களவையும் அளந்து வகுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் மூன்று புள்ளி ஒன்று நான்கு வரவில்லை. வடையில் ஓட்டை இருப்பதால் வராது என்று ஒருத்தி வாதாடினாள். டெல்பின் மேடம் அதை ஒப்புக்கொண்டு அவளுக்குப் பரிசு கொடுத்தார். இதுதான் இன்றைய கணிதத் துறை.

நான் அறையிலேயே இருந்தேன். பத்தி நாளையும் வரும்.

மார்ச் 15, ஞாயிறு

வந்தது.

‘நாகர்கோவிலில் ஒருவர் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார். போய்ச் சேருவதற்கு முன் பாதித் தூரம் போயாக வேண்டும். வள்ளியூர் பக்கம் பாதி வந்துவிட்டது. இனி மீதியில் பாதி. அதன்பின் அந்த மீதியில் பாதி. எப்போதும் ஒரு பாதி மிச்சம் இருந்துகொண்டே இருப்பதால் அவர் வந்து சேரவே முடியாது. ஆனால் பஸ்கள் தினமும் வந்து சேர்கின்றன. ஏறியவருக்கு மட்டும் ஏனோ முடியவில்லை.’

பாதி, கால், அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்று. பதினொன்றாம் வகுப்புப் பாடம். இதில் புதிர் என்று எதுவும் இல்லை. அதைவிட, நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறுகிறவன் திருநெல்வேலிக்கு என்றுதான் சொல்வான். பாளையங்கோட்டை என்று எழுத அவசியம் என்ன?

அந்தக் கடைசி வாக்கியம் கணக்குக்குத் தேவையில்லாதது. நல்ல பத்தியாளனாக இருந்தால் அடித்திருப்பான்.

மாலை புது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன். சட்டைக்குப் பித்தான் வாங்க வேண்டியிருந்தது. நாகர்கோவில் வண்டிகள் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கால் வலி.

மார்ச் 18, புதன்

பித்தான் வாங்க மறந்திருக்கிறேன்.

மார்ச் 21, சனி

ஆசிரியருக்கான கடிதத்தின் கடைசி வரைவு தயார். ஆதாரங்கள் இணைத்தாயிற்று. உறையில் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். இன்றே போட்டிருக்கலாம். தலைமைத் தபால் நிலையம் கல்லூரிக்குப் போகிற வழிதான். ஆனால் கடிதத்தின் ஒரு வாக்கியம் உறுத்திக்கொண்டே இருக்கிறது: ‘அவருடன் எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை.’ அது பொருந்தாது. ஐந்து வருடம் ஒரே அறை என்று மேலே எழுதியிருக்கிறேன். ‘இப்போது’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். சேர்த்தால் வரியின் பலம் போகிறது.

அவசரம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு உட்கார்ந்து நிரூபணத்தை மறுபடி சுத்தமாக எழுதிப் பார்த்தேன். நாளைக்கும் வரும். 29ஆம் தேதியும் வரும். ஏப்ரலில் பத்தி எப்படித் தொடர்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்ல முடியாமல் தாணு விழிக்கப் போகிறான். அந்த நேரம் பார்த்துக் கடிதம் போய்ச் சேர்ந்தால் பொருத்தமாக இருக்கும். பத்தி நிற்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேப்பர் வந்தபோது பால் அடுப்பில் இருந்தது. இணைப்பிதழை உருவினேன். பக்கத்தைத் திருப்பினால் பன்னிரண்டு கட்டங்கள். மேஷம், ரிஷபம், மிதுனம். பழைய அரைப் பக்க ராசிபலன் முழுப் பக்கமாகிவிட்டது. வேறு பக்கத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்று எல்லாப் பக்கத்தையும் பார்த்தேன். சமையல் குறிப்பு, சினிமா, பல் வைத்தியர் பதில்கள். கடைசிப் பக்கம் நகைக்கடை விளம்பரம். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலில் எச்சில் தொட்டும் பார்த்தேன்.

சண்முகவடிவம்மா வீட்டிலும் அதே பேப்பர்தான். சில சமயம் அச்சில் பக்கம் மாறிப்போகும். கீழே இறங்கிப் போனேன். அவர் முற்றத்து நாற்காலியில் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

“வாங்க வாத்தியாரய்யா. இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்கான். ஒவ்வொரு ராசிக்கும் எவ்வளவு விரிவாப் போட்டிருக்கான் பாருங்க. உங்களுக்கு என்ன நட்சத்திரம்?”

கேட்டை என்றேன்.

“அப்ப விருச்சிகம்லா.” விரலை வைத்து வாசித்தார். “வாகன யோகம்னு போட்டிருக்கு. அந்தச் சைக்கிளயாவது தொடச்சு வைங்க.” பிறகு நிமிர்ந்து பார்த்து, “என்னய்யா, மேலுக்கு முடியலையா? முகம் ஒரு மாதிரி இருக்கே,” என்றார்.

வெயில் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நெருப்பை அணைக்காமலே போயிருக்கிறேன்.

ஆக, நின்றுவிட்டது. 22ஆம் தேதி. நேற்று வரை எனக்குத் தெரியாது. அவன் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது.

மேசை மேல் உறை கிடக்கிறது. இனி அதைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். என் திட்டம் கெட்டுப்போனதில் வருத்தம். வேறு வருத்தம் ஒன்றும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

கேக் இல்லை. டெல்பின் மேடம் பேப்பர் அலுவலகத்துக்குப் போன் செய்து, அங்கிருந்து தாணுவின் எண்ணை வாங்கி அவனோடு பேசியும் இருக்கிறார். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்.

பக்கத்தை ராசிபலனுக்குக் கொடுக்கப் போவதாக அவனுக்குப் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்களாம். எந்த வாரம் என்று கேட்டதற்கு, மார்ச்சில் ஏதோ ஒரு வாரம், முந்தின நாள்தான் தெரியும் என்றார்களாம். அவன் ஐந்து வாரத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறான். நம்மைப்போலவே.

“அவருக்கே தெரியாதாம் சார். நாம என்னமோ அவரு ஒளிச்சு வெச்சு விளையாடுறாருன்னு நெனச்சோம்.”

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொண்டார்.

“எந்தக் காலேஜுன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம், டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் சுகமான்னாரு. சுகம்னேன். வேற ஏதேதோ பேசினாரு. வைக்கும்போது மறுபடி கேக்காரு. ‘எல்லாரும் சுகம்னா, எல்லாரும்தானே?’”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எல்லாரும்தான்னு சொன்னேன். வேற என்ன சார் சொல்ல?”

மணி அடித்தது. இரண்டாம் வருட வகுப்புக்குப் போய், நேற்று நடத்திய பாடத்தையே மறுபடி நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. வெள்ளிக்கிழமை நடத்தியது.

மார்ச் 25, புதன்

பேசுவதற்கு விஷயம் இல்லாததால் யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

முந்தாநாள் எழுதியதைத் திருத்துகிறேன். விஷயம் இருக்கிறது. தாணுவின் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கிடைத்தது. அதைச் சொல்ல ஆள் தேடினேன். டெல்பின் மேடம் விடுப்பில் போயிருக்கிறார். அவருடைய தங்கை மகளுக்குச் சர்ச்சில் புது நன்மைச் சடங்கு. சண்முகவடிவம்மாவிடம் சொல்லலாம் என்று பாதிப் படி இறங்கிவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 29, ஞாயிறு

இன்றும் ராசிபலன்தான். தெரிந்தேதான் பிரித்தேன்.

காலையிலேயே உட்கார்ந்து விடையை எழுதினேன். ஆசிரியருக்கு அல்ல, வடசேரி விலாசத்துக்கு. நான் எழுதியது இவ்வளவுதான்:

‘அறிவிப்பில் பிழை இல்லை. ஞாயிறுகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறவன் ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டு, பத்தி நிற்காது என்று நம்பிவிடுகிறான். அப்படி நம்பியவனுக்கு எந்த ஞாயிற்றில் நின்றாலும் அது எதிர்பாராத ஞாயிறுதான். அவனுடைய நிரூபணமே உன் வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறது. நிற்காது என்று நிரூபித்தவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். நின்ற அன்று பேப்பரை மூன்று தடவை புரட்டினான்.’

படித்துப் பார்த்தபோதுதான் ‘உன் வாக்கை’ என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். யாரோ ஒரு வாசகர் பத்தியாளருக்கு அப்படி எழுதமாட்டார். ‘உங்கள்’ என்று திருத்தினேன். வேறு யாருக்கோ எழுதியதைப்போல இருந்தது. புதுத் தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினேன், ‘உன்’ என்றே.

கல்யாணத்தைப் பற்றி எழுதவில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதை மன்னித்துவிட்டேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். என் கையைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றான். அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஐந்து வாரத்துக்கும் எழுதிக் கொடுத்தான் என்றாரே டெல்பின் மேடம். அச்சில் வந்தது மூன்றுதான். மற்ற இரண்டும் அவன் கையில் இருக்கின்றன. என்ன புதிர்களாக இருக்கும் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

ஆகவே அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘விடை சரியா என்று எழுதவும். வராத இரண்டு புதிர்களையும் அனுப்பவும்.’

எழுதிவிட்டுப் பார்த்தால் அபத்தம். பதில் கேட்கிறேன், யாருக்குப் பதில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. பெயர் போட்டால் முடிந்தது காரியம். பேனாவைத் தாளில் வைக்கவும் செய்தேன். ஆனால் பெயர் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்தால் அது மரியாதைக்கு வந்ததாக இருக்கலாம், டெல்பின் மேடம் சொல்லி வந்ததாக இருக்கலாம். பெயரும் விலாசமும் இல்லாத கடிதத்துக்குப் பதில், அவன் பழைய கடிதங்கள் வந்த இந்த விலாசத்துக்கு வந்தால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். வராவிட்டால் யாரோ ஒரு வாசகருக்கு அவன் பதில் போடவில்லை, அவ்வளவுதான்; எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாதி உண்மையல்ல. எழுதிவிட்டதால் அடிக்கவில்லை.

புகார்க் கடிதத்து உறையின் தபால்தலையை ஆவியில் காட்டிப் பிரித்து இந்த உறையில் ஒட்டிவிட்டேன். ஒரு முனை கிழிந்திருக்கிறது, போகும். நாளைக் காலை கல்லூரிக்குப் போகிற வழியில் தலைமைத் தபால் நிலையத்துப் பெட்டியில் சேர்த்துவிடுவேன். பெயர் போடாமல்தான்.